ஆறாவது துளை

மிச்சிகனில் இருக்கும் எங்கள் கிராண்ட் ராப்பிட்ஸ் டச்சுக்காரர்கள் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். பத்திரம் வேண்டாம், சாட்சி வேண்டாம். ஆனால் கொடுத்த வாக்கில் எங்கேயாவது ஒரு சந்து இருக்கிறதா என்று துழாவிப் பார்ப்பதிலும் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது. ஓய்வுநாளில் பந்து விளையாடக் கூடாது என்று போதகர் சொன்னால், எங்கள் பையன்கள் பந்தைக் காலால் தள்ளிக்கொண்டே சித்தப்பா வீடு வரைக்கும் நடந்து போவார்கள். நடப்பது பாவம் என்று அவர் சொல்லவில்லையே.

ஃபென்னா டைக்ஹவுஸ் அந்த மண்ணில் விளைந்தவள். அதனால்தான் இவ்வளவும் நடந்தது.

1959-இல் அவளுடைய ஒரே மகள் ட்ரீனா, கிளீவ்லாந்து இரும்பாலையில் வேலை பார்க்கும் லுட்விக் என்ற போலந்துக்காரனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவன் கத்தோலிக்கன். கல்யாணமும் அவர்கள் கோயிலில்தான். வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. முடிந்த பிறகுதான் சேதி வந்தது. அன்றைக்குச் சாப்பாடு முடிந்து வழக்கம்போல வேதம் வாசித்துவிட்டு, புருஷன் ஹார்ம் புத்தகத்தை மூடினார். அவர் சபையில் மூப்பர். மூடின புத்தகத்தின் மேல் கையை வைத்தார்.

"இந்த வீட்டுலேர்ந்து அவளுக்கு ஒரு வரி போகக் கூடாது. ஒரு வார்த்தை போகக் கூடாது. நான் வாக்குக் குடுத்துட்டேன். நீயும் குடு."

ஃபென்னாவுக்கும் உள்ளே கொதித்துக்கொண்டுதான் இருந்தது. பெற்றவளிடம் ஒரு பேச்சு சொல்லத் தோன்றவில்லையே அந்தப் பெண்ணுக்கு! அவர் கைமேல் தன் கையை வைத்துக் கொடுத்துவிட்டாள். கோபத்தில் கொடுத்த வாக்கு. கோபம் ஒரு மாதத்தில் வடிந்துவிட்டது. வாக்கு அப்படியே நின்றது.

ட்ரீனா மூன்று கடிதம் போட்டாள். முதல் கடிதத்தில் மன்னிப்புக் கேட்டிருந்தாள். இரண்டாவதில் முழுகாமல் இருப்பதாக எழுதியிருந்தாள். மூன்றாவதில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்றும், அம்மா ஒரு வரி எழுதினால் போதும் என்றும் இருந்தது. ஃபென்னா சமையலறை ஜன்னலோரம் நின்று படிப்பாள். ஹார்ம் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, ஒரே பக்கத்தை அரைமணி நேரம் படிப்பார். மூன்றாவதற்குப் பிறகு கடிதம் வரவில்லை.

பேத்தி பிறந்தாள் என்று கேட்ட பிறகு கை சும்மா இருக்குமா? ஃபென்னா ஒரு குட்டிக் கம்பளித் தொப்பி பின்னினாள். பின்னி முடித்த பிறகுதான் உறைத்தது: பார்சலில் முகவரி எழுத வேண்டும், அது ஒரு வரி ஆகிவிடும். தொப்பியைப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு வந்து, உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே அழுதாள்.

அவள் வேலை பார்த்தது ஹோஃப்ஸ்ட்ரா பிஸ்கட் கம்பெனியின் சோதனைச் சமையலறையில். 1963 இலையுதிர்காலத்தில் ஒரு நாள், தலைமை பேக்கர் வெர்பர்க் ஒரு செய்தித்தாளை ஆட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

"கேட்டீங்களாம்மா? தெற்கே ஒரு கம்பெனிக்காரன், காலைல பால்ல போட்டுத் திங்கற சீரியல் செய்யறவன், பேப்பர்ல பீத்திக்கிட்டிருக்கான். டோஸ்டர்ல போட்டு எடுத்தா சூடா ஜாம் பலகாரமாம். ஃப்ரிட்ஜ் வேண்டாமாம், அலமாரியில கெடந்தாலே கெடாதாம். ஆனா இன்னும் செஞ்சு முடிக்கல!"

"பொண்ணு பாக்கறதுக்குள்ள பிள்ளைக்குப் பேர் வச்சுட்டானா?" என்றாள் வில்மா. ஃபென்னாவோடு அதே மேஜையில் பத்து வருஷமாக மாவு பிசைந்தவள். வாய்க்குப் பூட்டுப் போட்டு வளர்க்காத பெண்.

"அவன் பேர் வைக்கட்டும். நாம பெத்துடுவோம்," என்றார் வெர்பர்க். சொன்ன பிறகு, பெண்கள் முன்னால் இதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று காது சிவந்து வெளியே போனார்.

இப்படித்தான் ஜம்ப்-ஜாம் பிறந்தது. பேர் வைத்தது விற்பனைப் பிரிவு. டோஸ்டரிலிருந்து துள்ளி வருமாம். "குதிக்கறதுக்கு மூப்பர்கள் கூட்டத்துல அனுமதி வாங்கியாச்சா?" என்று வில்மா ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஆனால் அது துள்ளவில்லை. இரண்டு மாவுத் தகட்டுக்கு நடுவே ஜாமை வைத்து ஓரத்தை அழுத்திச் சுட்டார்கள். டோஸ்டருக்குள் போனதும் உள்ளே ஆவி கட்டி, பலகாரம் தவளை மாதிரி உப்பி, கம்பிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. வெளியே எடுப்பதற்குள் கரி. இயந்திரப் பிரிவுக்காரர்கள் சல்லடை போல நாற்பது துளை போட்டுப் பார்த்தார்கள். ஜாம் வழிந்து கம்பியில் பிடித்துக்கொண்டு புகைந்தது. நாலைந்து டோஸ்டர்கள் உயிரை விட்டன.

"சீக்கிரம் ஒரு வழி பண்ணுங்க," என்றார் வெர்பர்க். "மொதல்ல ஒரே ஒரு ஊர்ல விட்டுப் பாக்கப் போறோம். அங்க போணியானாத்தான் மத்த ஊருக்கு. லாரிக்குக்கூடச் சொல்லியாச்சு."

"எந்த ஊரு?"

"கிளீவ்லாந்து."

ஃபென்னா கையில் இருந்த மாவு உருட்டும் கட்டை நழுவி, மேஜையில் உருண்டு கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவளுக்கு எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவள் வீட்டில் சனிக்கிழமைதோறும் ஆப்பிள் வைத்து மடித்த பலகாரம் சுடுவாள். ஞாயிறன்று அடுப்புப் பற்றவைக்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. சனிக்கிழமையே எல்லாம் ஆகிவிட வேண்டும். ஆவி போக முள்கரண்டி முனையால் துளை போடுவாள். மகன்கள் மார்வினுக்கும் ராய்க்கும் ஐந்து துளை: மூலைக்கு ஒன்று, நடுவில் ஒன்று. கடைக்குட்டி ட்ரீனாவுக்கு நாலு வயதிலேயே ஒரு பிடிவாதம். அண்ணன்களுக்கு எத்தனையோ, அதைவிடத் தனக்கு ஒன்று கூட வேண்டும். அழுது, தரையில் புரண்டு, சாதித்துக்கொண்டாள். நடுத் துளைக்குக் கீழே, கொஞ்சம் கோணலாக, ஆறாவது ஒன்று. வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் அந்த ஆறாவது துளை இல்லாத பலகாரத்தை அவள் தொட்டதில்லை.

அன்று மத்தியானம் ஃபென்னா இரண்டு விதமாகப் போட்டுப் பார்த்தாள். ஐந்து துளை போட்டது உப்பவில்லை, வழியவும் இல்லை, அழகாகத் துள்ளி வந்தது. ஆறு துளை போட்டதும் அப்படியே வந்தது.

வெர்பர்க் ஆறு துளைப் பலகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அஞ்சு போதாதா? ஆறாவது எதுக்கு, அதுவும் மூக்குல வந்த மரு மாதிரி?"

"அஞ்சு போட்டா கீழ்ப்பக்கம் உப்புது," என்றாள் ஃபென்னா.

பொய். வாழ்நாளில் ஒரு காய்கறிக்காரனிடம்கூடப் பொய் சொல்லாதவள், தலைமை பேக்கர் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். வில்மா அவளையே பார்த்தாள். பிறகு ஐந்து துளைப் பலகாரத்தை எடுத்து வாயில் போட்டு மென்று, சாட்சியை விழுங்கிவிட்டாள்.

துளை என்பது எழுத்தல்ல. துளை வார்த்தையும் அல்ல. பத்துக் கட்டளையிலும் துளை போடாதே என்று ஒன்றும் இல்லை. ஃபென்னா அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது இதையெல்லாம் ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்துக்கொண்டாள்.

அடுத்த மாதமே ஆறு ஊசி வைத்த அச்சு வார்த்துவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை மாலை, தொழிலாளர் குடும்பங்களுக்கெல்லாம் ஒரு பெட்டி கொடுத்து, தின்று பார்த்துவிட்டுத் திங்களன்று சொல்லச் சொன்னார்கள். திங்கட்கிழமை எல்லாரும் பிரமாதம் என்றார்கள். "டோஸ்டர்ல எப்படி வந்துச்சு?" என்று வெர்பர்க் கேட்டார். சனிக்கிழமை கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமைதானே தின்பார்கள்? ஞாயிற்றுக்கிழமை யார் டோஸ்டரைத் தொடுவார்கள்? நூற்றுச் சொச்சம் வீட்டிலும் பச்சையாக, ஆறினபடியே தின்றுவிட்டு வந்திருந்தார்கள். வெர்பர்க் தலையில் கை வைத்துக்கொண்டார். விற்பனைக்காரன் ஒருவன்தான் கெட்டிக்காரன். பெட்டியில் 'சூடாக்காமலும் சாப்பிடலாம்' என்று அச்சடிக்கச் சொன்னான். பிற்பாடு பாதி நாடு அதை அப்படித்தான் தின்றது.

லாரிகள் கிளீவ்லாந்துக்குப் போன அன்று ஃபென்னா சாப்பாட்டு இடைவேளையில் வாசலில் போய் நின்றாள். குளிர் எலும்பில் இறங்கியது. கடைசி லாரி கண்ணுக்கு மறைகிற வரைக்கும் உள்ளே போகவில்லை. 'போய்ச் சொல்லு, நான் அவளை மறக்கலேன்னு போய்ச் சொல்லு' என்று மனசுக்குள் சொன்னாள். மனசுக்குள் சொன்னதால் அதுவும் வாக்கில் அடங்காது.

கிளீவ்லாந்தில் வைத்த சரக்கு வைத்த இடத்தில் தீர்ந்தது. கடைக்காரர்கள் 'ஜம்ப்-ஜாம் இல்லை, மன்னிக்கவும்' என்று அட்டை எழுதி மாட்டினார்களாம். வெர்பர்க் சமையலறைக்குள் வந்து, டச்சுக்காரர் எவ்வளவு ஆடலாமோ அவ்வளவு ஆடினார். அதாவது ஒரு காலைத் தூக்கி வைத்தார். ஃபென்னா அன்று வீட்டில் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சமைத்தாள்.

"என்ன இன்னைக்கு?" என்றார் ஹார்ம்.

"பலகாரம் நல்லா போகுதாம்."

"போகட்டும். பெருமை வேண்டாம்," என்றார் அவர்.

அன்றிலிருந்து அவள் கடிதத்துக்காகக் காத்திருந்தாள். வேலை முடிந்து வந்தால் கோட்டைக் கழற்றும் முன் தபால் பெட்டிதான். மின்சாரக் கட்டணம் இருக்கும், சபைப் பத்திரிகை இருக்கும். ட்ரீனாவின் குண்டு குண்டான கையெழுத்து மட்டும் இருக்காது. இந்நேரம் வாங்கியிருப்பாள், இந்நேரம் உறையைப் பிரித்திருப்பாள், விரலை வைத்துத் தடவிப் பார்த்திருப்பாள் என்று ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொள்வாள். ஒரு வருஷம் போயிற்று. பலகாரம் நாடு முழுக்கப் போயிற்று. டெக்சாசிலும் கலிஃபோர்னியாவிலும் யார் யாரோ பெற்ற பிள்ளைகள் ட்ரீனாவின் பலகாரத்தைத் தின்றார்கள். ட்ரீனாவிடமிருந்து ஒரு வரி இல்லை.

பார்த்துவிட்டும் எழுதவில்லை என்றால் கோபம் அவ்வளவு ஆழமா? இல்லை, மறந்தேவிட்டாளா? அச்சு இயந்திரத்தின் பக்கம் போகும்போதெல்லாம், ஊசிகள் இறங்கி ஏறுவதைப் பார்த்து ஃபென்னாவுக்கு நெஞ்சு வலித்தது. மகள் வேண்டும் என்று இருந்தது. வேறு ஒன்றுமில்லை, மகள் வேண்டும், அவ்வளவுதான்.

1967 வசந்தத்தில் வெர்பர்க் ஒரு புதுத் தட்டோடு வந்தார். பலகாரத்தின் மேல் வெள்ளை வெளேரென்று சர்க்கரைப் பூச்சு.

"டோஸ்டர்ல உருகல பாருங்க! இனிமே எல்லாமே பூச்சுதான். வெறும் பலகாரத்தை இந்தக் கோடையோட நிறுத்தறோம்."

"துளை?" என்றாள் ஃபென்னா.

"துளை பூச்சுக்கு அடியில இருக்கும். அத யாரு பாக்கப் போறா?"

வில்மா மெதுவாகத் தோழியின் கையைத் தொட்டாள். "போதும்டி. போய் நேர்ல பாரு. ஊருக்கெல்லாம் ஜாம் பலகாரம் செஞ்சு போட்டுட்டே, பெத்த பொண்ணுகிட்ட ஒரு பேச்சு இல்ல."

அவளுக்கு எப்படித் தெரியும் என்று ஃபென்னா கேட்கவில்லை. வில்மாவும் சனிக்கிழமைகளில் அந்த வீட்டு மேஜையில் உட்கார்ந்து தின்றவள்தான்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேஜையில் ஃபென்னா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நாளைக்குக் காலைல பஸ்ஸுல கிளீவ்லாந்து போறேன்."

ஹார்ம் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. "வாக்குக் குடுத்திருக்கே."

"ஆமா. உடைக்கப் போறேன். இத்தனை வருஷமா ஒரு சந்து வச்சிருந்தேன். அதையும் அடைச்சுட்டாங்க."

"என்ன சந்து?"

அவள் சொன்னாள். துளையைச் சொன்னாள், பொய்யைச் சொன்னாள், லாரியைச் சொன்னாள். ஹார்ம் ரொட்டியின் ஓரம் வரைக்கும் வெண்ணெய் தடவி முடித்துவிட்டு, அதைத் தின்னாமல் தட்டில் வைத்தார். பிறகு வேதத்தை எடுத்து வாசித்தார். ஒரே வசனத்தை இரண்டு தடவை வாசித்தது அவருக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை அவள் கிளம்பும்போது சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்குகிற மாதிரி படுத்திருந்தார். முப்பத்தைந்து வருஷம் பக்கத்தில் படுத்தவளுக்குத் தெரியாதா, எது தூக்கம், எது நடிப்பு என்று?

கிளீவ்லாந்தில் அந்தத் தெரு முழுக்க வதங்கின வெங்காய வாசனை. இரும்பாலைப் புகைக்கு நடுவே ஒரு பெரிய கோயில் கோபுரம். ட்ரீனா மூன்று கடிதத்திலும் எழுதியிருந்த முகவரி ஃபென்னாவுக்கு மனப்பாடம். கதவைத் திறந்தது ஏழு வயசுப் பெண். ஹார்மின் விடைத்த காது அப்படியே இருந்தது.

"அம்மா இருக்காங்களா?" என்று கேட்டாள் ஃபென்னா.

ட்ரீனா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. நெற்றியில் ஒரு கோடு. அம்மாவைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"யாராவது செத்துட்டாங்களா? அப்பாவா?"

"இல்ல, இல்ல. எல்லாரும் நல்லா இருக்காங்க."

"அப்ப எதுக்கு வந்தே?"

ஃபென்னா வாசலிலேயே பையைத் திறந்து, பூச்சில்லாத ஜம்ப்-ஜாம் பெட்டி ஒன்றை எடுத்து நீட்டினாள். ட்ரீனா அதை வாங்கவும் இல்லை, கதவைச் சாத்தவும் இல்லை. கடைசியில் அந்தச் சின்னப் பெண்தான் "உள்ள வாங்க, குளிருது" என்றாள்.

சமையலறை மேஜையில் பெட்டியைப் பிரித்து ஒரு பலகாரத்தை மகள் முன்னால் வைத்தாள். "இத நீ பாக்கவே இல்லையா?"

"இந்த அட்டையையா? விளம்பரத்துல பாத்திருக்கேன். வாங்கினதே இல்ல. எங்க வீட்டுல டோஸ்டரே கிடையாதும்மா. ரொட்டிய வாணலியிலதான் வாட்டுவோம்."

ஃபென்னா சுற்றிப் பார்த்தாள். நிஜம்தான். டோஸ்டர் இல்லை. அலமாரி மேல் கன்னிமேரி படம் இருந்தது, வானொலி இருந்தது. டோஸ்டர் இருக்கும் என்று அவள் மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்த மூலையில் ஒரு உருளைக்கிழங்குக் கூடை இருந்தது.

"எண்ணிப் பாரு," என்றாள்.

ட்ரீனா விரலை வைத்து எண்ணினாள். நாலு மூலை. நடுவில் ஒன்று. விரல் கீழே இறங்கிக் கோணலாக இருந்த ஒன்றில் நின்றது. எடுக்கவில்லை.

"நீ போட்டதா?"

"நான்தான். எல்லாத்துலயும். இந்த ஊருக்கு வர்றதுன்னு தெரிஞ்சதும் போட்டேன். உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"எல்லாத்துலயும்னா? நாடு முழுக்கவா?"

"நாடு முழுக்க."

ட்ரீனா சிரித்தாள். அடக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எந்த இடத்தில் அது அழுகையாக மாறிற்று என்று சொல்ல முடியாது.

"அஞ்சு சென்ட்டும்மா. ஒரு தபால்தலை அஞ்சு சென்ட்! தெனம் போய் தபால் பெட்டியத் திறந்து பாத்தேன். இவ தவழ்ந்தா, நடந்தா, பள்ளிக்கூடம் போனா, அப்பவும் பாத்தேன். போஸ்ட்மேன் தெருமுனையிலேயே என்னைப் பாத்து ரெண்டு கையையும் விரிப்பான். நீ அங்க உக்காந்து பிஸ்கட்டுல ஓட்டை போட்டுக்கிட்டிருந்தியா?"

"வாக்குக் குடுத்துட்டேன்டி. வேதத்து மேல. வார்த்தைய உடைக்கக் கூடாதுன்னு..."

"எனக்கும் ஒண்ணு குடுத்தியேம்மா." ட்ரீனா கண்ணைத் துடைக்காமலே சொன்னாள். "எனக்கு ஞானஸ்நானம் குடுத்தப்ப, சபை முன்னாடி எழுந்து நின்னு, இந்தப் புள்ளைய நாங்க பாத்துக்குவோம்னு. நீயும் அப்பாவும் சேர்ந்து குடுத்தீங்க. அது மூத்த வாக்கு இல்லையா?"

வாக்கை நாலு பக்கமும் தட்டிப் பார்த்து, சந்து தேடி, ஊசி நுழைகிற இடத்தையெல்லாம் கண்டுபிடித்தவள் ஃபென்னா. அதற்கு முன்னால் கொடுத்த வாக்கு ஒன்று இருந்ததை ஒரு நாளாவது நினைத்துப் பார்த்திருக்கிறாளா? இரண்டு ஞாயிற்றுக்கு ஒரு முறை யாராவது ஒரு குழந்தைக்கு அந்த வாக்கைப் பெற்றோர் கொடுக்கிறார்கள். அவளும் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"போன் இருக்கா?" என்றாள்.

சுவரில் இருந்தது. எங்கள் ஆட்கள் வெளியூருக்கு போன் போடுவது சாவுக்கு மட்டும்தான். அதற்கும் முட்டை வேகவைக்கிற மணற்கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் பேசுவார்கள். ஆபரேட்டர் இணைப்புக் கொடுத்தாள். முதல் மணியிலேயே எடுத்தார் ஹார்ம்.

"யார் செத்தது?"

"யாரும் சாகல. ட்ரீனா வீட்டுலேர்ந்து பேசறேன்."

அவர் எதுவும் கேட்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"ஞானஸ்நானத்தப்ப நீங்களும் எழுந்து நின்னீங்க," என்றாள் ஃபென்னா. "என் பக்கத்துல. நீல டை கட்டியிருந்தீங்க. என்ன கேட்டாங்க, நாம என்ன சொன்னோம்னு ஞாபகம் இருக்கா?"

கம்பியில் இரைச்சல் மட்டும் கேட்டது. இந்த மனுஷன் வெளியூர் போனில் இவ்வளவு நேரம் சும்மா இருந்ததே இல்லை. பிறகு தொண்டையைச் செருமினார்.

"இந்த போன் யாரு காசு?"

"அவ காசுதான்."

"வை. புள்ள காசு கரையுது. நம்பரச் சொல்லு, நான் போடறேன்."

ஃபென்னா போனில் ஒட்டியிருந்த எண்ணைப் படித்துச் சொல்லிவிட்டு வைத்தாள். மூன்று பேரும் அந்தக் கறுப்புப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அடுப்பில் இருந்த பாத்திரம் கொதித்து வழிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"போட மாட்டாரும்மா," என்றாள் ட்ரீனா. "எனக்கு அவரத் தெரியும்."

மணி அடித்தது. ட்ரீனா அம்மாவைப் பார்த்தாள். ஃபென்னா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு இல்லடி," என்றாள். "உனக்கு. எடு."